தேமலும் படையும் சிரங்கும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காவேரிப்பாக்கத்துப் பேரேரி நிறைந்துவிட்டால் ஊர்ச் சிறுவர்க்குக் கொண்டாட்டமே. பல்லவர் காலத்து ஏரி அது. அதன் கால்வாய்களில் ஆட்டம் போட்டுவிட்டு ஈரத்தோடு வீடு திரும்பும் மகனை ஒரு தாய் துண்டால் துவட்டுகிறாள். சட்டென்று அவளுடைய கை நின்றுவிடுகிறது. மகனின் கன்னத்தில் காசு அளவில் வெளிறிய திட்டு ஒன்று! நேற்றுவரை அதனை அவள் கண்டதில்லை.

"வயிற்றில் பூச்சி இருக்கும், பேதிக்குக் கொடு" என்கிறாள் அண்டை வீட்டுக்காரி. "கரப்பான் உடம்பு, கருவாட்டைக் கண்ணில் காட்டாதே" என்கிறார் மாமியார். மருந்துக் கடையிலோ, கேட்ட மாத்திரத்தில் ஒரு களிம்புக் குழலை எடுத்து நீட்டுகிறார்கள். இவை யாவற்றிற்கும் அடியில், வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சும் ஒரு சொல் அவள் நெஞ்சை அழுத்துகிறது. அதுவே தொழுநோய். நம் வேலூர் வட்டாரத்தில் அச்சொல்லுக்கு நெடிய வரலாறு உண்டு. ஆகவே அவள் யாரிடமும் காட்டாமல், பவுடரைப் பூசி மறைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறாள்.

இத்தகைய தாய்மாரை நம் பங்குகளில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர் அஞ்ச வேண்டிய காரணமே இல்லாமல் அஞ்சுகின்றனர். வேறு சிலரோ அஞ்ச வேண்டிய இடத்தில் அலட்சியமாய் இருந்துவிடுகின்றனர். இவ்விரு தவறுகளையும் தவிர்ப்பதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. பார்க்கத் தெரிந்த கண்ணும், தொட்டறியும் விரலும், வெட்கமின்றி எடுத்துச் சொல்லும் மனமும் இருந்தால் போதும்.

தோலை அறிந்த மக்கள் நாம்

தோலின் தன்மையை அறிவதில் நம் பகுதி மக்களுக்கு ஈடு யார்? ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைத் தரம் பிரிக்கும் தொழிலாளி, அதனை நல்ல வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார்; விரல்களால் தடவிப் பார்க்கிறார். உண்ணி கடித்த வடுவும் முள் கீறிய கோடும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆனால் வீடு திரும்பியதும் தம் பிள்ளையின் மேனியை அவர் அவ்வாறு நோக்குகிறாரா? இல்லையே!

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து நீராட்டும் வேளையில், மூன்று செயல்களை வழக்கமாக்கிக் கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். முதலாவது, பகல் வெளிச்சத்தில் பிள்ளையை உச்சி முதல் உள்ளங்கால்வரை பாருங்கள். முதுகு, பிட்டம், விரலிடுக்கு, காதின் பின்புறம் ஆகியவற்றை மறவாதீர்கள். இரண்டாவது, புதிதாய்த் தோன்றும் எதனையும் தொட்டுப் பாருங்கள். அது சொரசொரப்பாய் உள்ளதா, வழவழப்பாய் உள்ளதா? அரிக்கிறதா, வலிக்கிறதா, உணர்ச்சியே இல்லையா? மூன்றாவது, வீட்டில் வேறு எவருக்கேனும் அத்தகைய அடையாளமோ அரிப்போ உண்டா என்று கேளுங்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் விடையோடு செல்லும் தாய், மருத்துவரின் வேலையில் பாதியை முடித்துவிட்டாள் எனலாம்.

வெளிறிய திட்டுகள்

முதலில் கன்னத்துத் திட்டைப் பற்றி. மூன்று வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளின் கன்னங்களிலும் மேற்கைகளிலும், ஓரம் தெளிவின்றி, சற்று வெளிறி, தடவினால் மாவு போன்ற மெல்லிய செதிலோடு காணப்படும் திட்டு, பெரும்பாலும் சாதாரணத் தேமலே. வறண்ட தோலும் வெயிலுமே இதற்குத் துணை செய்பவை. வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுத்துவிட, திட்டு மட்டும் எடுப்பாய்த் தெரிகிறது. இது தொற்றாது, வயிற்றுப் பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பூச்சிக்கு மருந்து கொடுப்பது வேறு காரணங்களுக்காக நல்லதே. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அம்மாத்திரையைத் தருகிறார்கள். ஆயினும் தேமல் அதனால் மறையாது. தேங்காய் எண்ணெயோ எளிய ஈரப்பசைக் களிம்போ நாளும் தடவி வந்தால், சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டு கடந்து, தானே நிறம் கூடிவிடும்.

வளரிளம் பருவத்தினர்க்குக் கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் பரவும் தேமல் வேறு வகை. தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைக் காளான், வியர்வை மிகுந்த காலத்தில் பெருகுவதால் அது உண்டாகிறது. மருத்துவர் தரும் காளான் கொல்லி மருந்தால் அது குணமாகும். ஆயினும் பழைய நிறம் திரும்பப் பல வாரங்கள் ஆகும் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்; நிறம் திரும்பவில்லையே என்று மருந்தை மாற்றி மாற்றிப் பூச வேண்டியதில்லை.

பால்போல் முற்றிலும் வெளுத்து, ஓரம் தெளிவாய், செதில் இல்லாமல் இருப்பது வெண்புள்ளி. நம் முன்னோர் இதனை வெண்குஷ்டம் என்று அழைத்தனர். அப்பெயரால் விளைந்த துன்பம் கொஞ்சமன்று. இது குஷ்டமும் அன்று, தொற்றுவதும் அன்று. தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்களை உடலே அழித்துவிடுவதால் வருவது. தமிழக அரசும் பழைய பெயரை விடுத்து வெண்புள்ளி என்றே வழங்குமாறு ஆணையிட்டுள்ளது. தொடக்கத்திலேயே மருத்துவரைக் கண்டால் பிள்ளைகளுக்கு நிறம் மீளும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

தொழுநோய்: அச்சமும் உண்மையும்

இனி, அந்தத் தாய் சொல்ல அஞ்சிய சொல்லுக்கு வருவோம். சற்றே வெளிறிய அல்லது செந்நிறமான திட்டு; அங்கே வியர்வை குறைவு; மயிர் உதிர்ந்திருத்தல்; எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்விடத்தில் உணர்ச்சிக் குறைவு. இவையே தொழுநோயின் முக்கிய அடையாளங்கள். பிள்ளையைக் கண்களை மூடச் செய்து, பஞ்சுத் திரியின் நுனியால் நல்ல தோலிலும் திட்டிலும் மாறி மாறித் தொட்டு, எங்கே தொட்டோம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். திட்டில் தொட்டது தெரியவில்லையெனில் நாளைக்கென்று ஒத்திப் போடாதீர்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: முகத்திலுள்ள திட்டில் நோய் இருந்தும் உணர்ச்சி குறையாமல் இருக்கக்கூடும், சிறு குழந்தைக்குச் சரியாகக் காட்டவும் தெரியாது. ஆகவே பல வாரங்களாகியும் மாறாத திட்டு எதுவாயினும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

இந்நோயை வென்ற வரலாற்றில் நம் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. உணர்ச்சி இழந்த விரல், சூடும் காயமும் தெரியாமல் மீண்டும் மீண்டும் அடிபட்டே அழிகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955இல் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் உலகெங்குமிருந்து வந்த மருத்துவர்க்குப் பயிற்சி அளித்தது.

1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதனைப் பெற்ற இந்திய மாவட்டங்களுள் நம் பழைய வட ஆற்காடு மாவட்டமும் ஒன்று. மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய புனித தமியான், தாமும் அந்நோயுற்று 1889இல் இறந்தார். அன்று அவரைக் காக்க மருந்தே இல்லை. இன்றோ, நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்துண்டால் நோய் முற்றிலும் குணமாகிறது. அம்மருந்து எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். உட்கொள்ளத் தொடங்கிய சில நாட்களிலேயே அது பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடுகிறது. பிள்ளையைத் தனித்தட்டில் உண்ணச் செய்யவோ பள்ளியிலிருந்து நிறுத்தவோ எவருக்கும் காரணமில்லை.

மேலும் ஒன்று: இந்நோய் பிள்ளைக்கு வந்ததென்றால், மருந்துண்ணாத பெரியவர் ஒருவர் அருகில் இருக்கிறார் என்பதே பெரும்பாலும் பொருள். நோய்க்கிருமி உடலில் புகுந்து வெளித்தோன்ற ஆண்டுகள் பல ஆகும். சராசரியாக ஐந்தாண்டு என்பர். எனவே பிள்ளையைக் காட்டும்போது வீட்டார் அனைவரும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். நோயற்ற உறவினர்க்குத் தடுப்பு மருந்தாக ஒரேயொரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் முறையும் இன்று நடைமுறையில் உள்ளது.

இந்தியா 2005ஆம் ஆண்டு இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாட்டளவில் எட்டியது. அதனால் நோய் ஒழிந்துவிட்டது என்று பொருளன்று. குறைந்துவிட்டது என்பதே பொருள். குறைந்த நோயை மக்கள் மறந்துவிடுகின்றனர். மறந்ததனால் காலந்தாழ்ந்து கண்டுபிடிக்கின்றனர். மணவாழ்வுக்கு இடையூறாகுமே என்று மறைப்போர்க்கும் ஒன்று சொல்வோம். தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரும் பிரிவை, கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டம் உள்படப் பல சட்டங்களிலிருந்தும் 2019இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டமே அஞ்சாத நோய்க்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

சிரங்கு: ஒருவருக்கு வந்தால் அனைவர்க்கும் மருந்து

தொழுநோயைப் போல் பெயர் பெறாவிட்டாலும், நம் பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுப்பதில் சொறி சிரங்குக்கு நிகரில்லை. அரை மில்லிமீட்டர் நீளமும் இல்லாத ஓர் உண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. அதனால் வரும் அரிப்பு இரவில் மிகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களில் சிறு பருக்களும் கீறல்களும் தோன்றும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், முகம், தலை ஆகியவற்றிலும் வரும்.

ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். ஆறு வயதுச் சிறுமிக்கு மூன்று முறை மருந்து வாங்கிப் பூசினர். மும்முறையும் சிரங்கு மறைந்து மறைந்து திரும்பியது. மருந்தையும் மருத்துவரையும் குறை கூறினர். இறுதியில் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. சிறுமி இரவுதோறும் பாட்டியின் அருகில், ஒரே போர்வையில் உறங்குகிறாள். பாட்டிக்கும் அரிப்பு உண்டு. வயதின் வறட்சி என்று எண்ணி வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். சிறுமிக்கு மருந்து, பாட்டிக்கு மௌனம்! நோய் எப்படிப் போகும்?

புதிதாய்த் தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எனவே அரிப்பில்லாதவரும் உண்ணியைச் சுமந்திருக்கக்கூடும். மருந்திடும் முறையைப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் உள்ள அனைவரும், அரிப்பு இருப்பினும் இல்லாவிடினும், ஒரே இரவில் மருந்திட வேண்டும். இன்று பெரிதும் பயன்படுவது ஐந்து விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. நகங்களை வெட்டி, உடலை உலர்த்தி, கழுத்து முதல் பாதம்வரை ஓரிடமும் விடாமல், நகத்தின் அடியிலும் விரலிடுக்கிலும் மெல்லிதாய்ப் பூசுக. கைக்குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் விடுத்து முகத்திலும் தலையிலும் பூச வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கும் கருவுற்ற தாய்க்கும் மருத்துவரைக் கேட்டே எதுவும் செய்க. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருந்து காலையில் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மறுபடியும் பூசுக. ஏழு நாள் கழித்து அனைவரும் மீண்டும் ஒருமுறை பூசுதல் வேண்டும்.

உண்ணி, மனித உடலை விட்டு இரண்டு மூன்று நாளுக்குமேல் வாழாது. ஆகவே கடந்த மூன்று நாள் உடுத்திய உடைகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து, நம் வேலூர் வெயிலில் நன்கு காயவிட்டால் போதும். துவைக்க இயலாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடலாம். பாயையும் தலையணையையும் எரிக்க வேண்டியதில்லை. உண்ணி செத்த பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீடிக்கலாம். அதனைக் கண்டு மருந்தை நாள்தோறும் பூசிப் பிள்ளையின் தோலைப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

சொறிந்த இடத்தில் சீழ் பிடித்து, தேன் உறைந்தாற்போல் மஞ்சள் பொருக்குக் கட்டினால் அது கிருமிச் சிரங்கு. சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பொருக்கை ஊறவைத்து மெல்ல நீக்கி, மருத்துவர் தரும் களிம்பைப் பூசுக. பல இடங்களில் பரவியிருந்தால் உள்மருந்தும் தேவைப்படும். இதனைச் சாதாரணப் புண் என்று விட்டுவிடலாகாது. இக்கிருமிகளுள் ஒருவகை, புண் ஆறிய சில வாரங்களுக்குப் பின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். காலையில் பிள்ளையின் முகமும் இமையும் வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கினால் அன்றே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

படர்தாமரையும் மருந்துக் கடைக் களிம்பும்

வட்டமாய்ப் பரவி, ஓரம் தடித்துச் செதில் கொண்டு, நடுப்பகுதி தெளிந்து காணப்படுவது படர்தாமரை, அல்லது படை. இது காளான் நோய். ஈரமும் வியர்வையும் இதன் நண்பர்கள். ஈர உடையோடு இருத்தல், ஒருவர் துண்டை மற்றவர் பயன்படுத்துதல், குளித்தபின் அரைஞாண் கயிற்றின் அடியைத் துடைக்காமல் விடுதல் ஆகியவற்றால் இது செழிக்கும். கழுத்தில் அணியும் துணி உத்தரியம் நனைந்திருந்தால் அதனையும் உலர்த்தியே அணிவியுங்கள்.

இந்நோயில் நம் குடும்பங்கள் செய்யும் பெருந்தவறு, கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமுள்ள ஸ்டீராய்டு மருந்தைக் காளான் மருந்தோடு கலந்து விற்கின்றனர். பூசிய இரண்டாம் நாளே அரிப்பும் சிவப்பும் அடங்கும். "நல்ல மருந்து!" என்று மகிழ்கிறோம். ஆனால் ஸ்டீராய்டு, காளானைக் கொல்வதில்லை. அதனை எதிர்க்கும் தோலின் ஆற்றலைத்தான் தூங்க வைக்கிறது. நிறுத்தியதும் படை முன்னிலும் பெரிதாய்ப் பரவுகிறது. மீண்டும் பூசுகிறோம்; தோல் மெலிந்து கோடு கோடாய்ப் பிளவுபடுகிறது. மெல்லிய தோலுடைய பிள்ளைகளின் உடலுக்குள் அம்மருந்து கலந்து வளர்ச்சியையும் பாதிக்கலாம். முகம் வெளுக்கும் என்று இத்தகைய களிம்பைப் பெண்பிள்ளைகளின் முகத்தில் பூசும் கொடுமையும் நடக்கிறது. பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் மத்திய அரசு விதி செய்தது. விதி இருந்தென்ன, கேட்பவர் நாமே அன்றோ!

படைக்குரிய காளான் களிம்பைத் திட்டின் ஓரத்தையும் தாண்டிப் பூசி, கண்ணுக்கு மறைந்த பின்னும் மருத்துவர் சொல்லும் நாள்வரை தொடர வேண்டும். தலையில் செதிலோடு மயிர் முறிந்து வட்டமாய்ச் சொட்டை விழுந்தால் அதற்குக் களிம்பு போதாது; உள்மருந்து வேண்டும். செதிலே இல்லாமல் வழவழப்பாய் விழும் சொட்டையோ புழுவெட்டு. அதில் புழுவும் இல்லை, காளானும் இல்லை. அதற்கு மருத்துவம் வேறு.

கரப்பானும் பத்தியமும்

கைக்குழந்தையின் கன்னங்களிலும், வளர்ந்த பிள்ளையின் முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் தோல் வறண்டு, சிவந்து, ஓயாது அரித்து, சில வேளை நீர் வடியும் நோயைக் கரப்பான் என்கிறோம். குடும்பத்தில் இளைப்பு நோயோ அடுக்குத் தும்மலோ இருப்பின் இது வரும் வாய்ப்பு மிகுதி. இது தொற்றாது. பிறவியிலேயே ஈரத்தைத் தேக்கி வைக்க இயலாத தோல் இது.

கரப்பான் என்றதும் கத்தரிக்காய், வேர்க்கடலை, கருவாடு, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாய் நிறுத்திவிடுவது நம் வழக்கம். முன்னோர் கூறியதை நாம் எள்ளி நகையாட வரவில்லை. குறிப்பிட்ட ஓர் உணவை உண்ணும்தோறும் ஒரு பிள்ளைக்குத் தடிப்போ வாந்தியோ வருமாயின் அதனை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காரணமின்றி எல்லாவற்றையும் நிறுத்தினால், கரப்பானோடு சத்துக்குறைவும் சேர்ந்து பிள்ளை மெலியும். மெலிந்த உடலில் புண் ஆறுவதும் கடினம்.

இப்பிள்ளைக்கு வேண்டியது எண்ணெய்ப் பசை. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாய்க் குளிப்பாட்டி, கடும் சோப்பும் மாவுத் தேய்ப்பும் தவிர்த்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதும் போகுமுன்னே தேங்காய் எண்ணெயோ ஈரப்பசைக் களிம்போ தாராளமாய்த் தடவுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை தடவினாலும் நன்றே. பருத்தி ஆடை அணிவியுங்கள். அரிப்பு மிகும்போது மருத்துவர் மென்மையான ஸ்டீராய்டுக் களிம்பை அளவோடு தருவார். அவர் சொன்ன மருந்து, சொன்ன இடம், சொன்ன நாள் என்ற வரம்புக்குள் அது தீங்கன்று. நாம் எதிர்ப்பது சீட்டில்லாமல் வாங்கும் களிம்பையே.

வெயிலும் அம்மையும் அக்கியும்

நம் ஊர்க் கோடையில் வேர்க்குரு வராத பிள்ளை இல்லை. காற்றோட்டம், தளர்ந்த பருத்தி உடை, இருவேளைக் குளியல் ஆகியவையே மருந்து. பவுடரை அப்பி வியர்வைத் துளையை அடைத்துவிடாதீர்கள். கோடைக் கட்டிக்கு மாம்பழத்தைப் பழிப்பதும் வழக்கம். கட்டியை உண்டாக்குவது தோலில் புகும் கிருமியே ஒழிய மாம்பழம் அன்று. கட்டியைப் பிதுக்காமல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துச் சுத்தமாய் வைத்திருந்தால் போதும். காய்ச்சலோ பரவும் சிவப்போ கண்டால் மருத்துவரை நாடுக.

சின்னம்மை கண்ட பிள்ளைக்கு வேப்பிலை விரிப்பதில் கேடில்லை. ஆனால் குளிப்பாட்டாமலும், வெறும் கஞ்சியில் வாடவிட்டும் வைக்காதீர்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுத்தல் ஆகாது. கருவுற்றோரையும் பிறந்த குழந்தையையும் அருகே விடாதீர்கள். அக்கிக்குக் குயவரிடம் சென்று காவி கொண்டு எழுதிக்கொள்வது நம் நாட்டுப் பழக்கம். அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானே வாடுவதால் எழுத்தே குணமாக்கியது போல் தோன்றுகிறது. நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் பார்வையே பறிபோகலாம், அங்கே காலந்தாழ்த்தலாகாது.

எந்தப் புண்ணிலும் மண்ணெண்ணெய், வண்டி மை, சாணம், சாம்பல் ஆகியவற்றைத் தடவாதீர்கள். பேனுக்காகத் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீப்பட்டு வெந்த பிள்ளைகள் உண்டு. பேனுக்கு ஈர்வலியும், மருத்துவர் சொல்லும் மருந்தும், வீட்டிலுள்ள அனைவர் தலையையும் ஒருங்கே பார்த்தலுமே வழி.

தொழிலும் தோலும்

தோல் பதனிடும் ஊர்களுக்கே உரிய ஒன்றையும் கூறாமல் விட இயலாது. முன்னாளில் ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்பு பெருவழக்காயிற்று. குரோமியம் பலருக்குக் கையில் தோல் அழற்சியை உண்டாக்குவது மருத்துவ உலகம் நெடுநாள் அறிந்த செய்தி. சிமெண்டில் வேலை செய்வோர்க்கும் இதே தொல்லை உண்டு. பாலாற்றுப் படுகை கழிவால் கெட்டதும், 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இது குறித்துப் பெயர்பெற்ற தீர்ப்பை வழங்கியதும் நாம் அறிந்ததே.

ஆயினும் பிள்ளைக்கு வரும் ஒவ்வோர் அரிப்புக்கும் தொழிற்கூடத்தைக் காரணம் காட்டுவது சரியன்று. அப்படிக் காட்டிக்கொண்டிருந்தால், எளிதில் தீரும் சிரங்கு தீராமலே நிற்கும். நாம் செய்யத்தக்கவை சிலவே. வேலையிலிருந்து வரும் தந்தையும் தாயும் கைகால் கழுவி, உடை மாற்றியபின் குழந்தையைத் தூக்குக. வேலை உடையைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கழிவு நீரோடும் வாய்க்காலிலும் கழிவு மேட்டிலும் பிள்ளைகள் விளையாட விடாதீர்கள். பாதத்தின் மேற்புறத்தில், செருப்பின் வார் படும் வடிவிலேயே இரு காலிலும் அழற்சி தோன்றினால், காரணம் அச்செருப்பின் தோலோ ரப்பரோ பசையோ ஆகலாம். செருப்பை மாற்றிப் பாருங்கள்.

உடனே விரைய வேண்டிய அடையாளங்கள்

கீழ்க்கண்டவை எதுவாயினும் வீட்டு வைத்தியத்திற்கு இடமில்லை.

1. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சலோடு கொப்புளமோ சீழ்ப்பருவோ தோன்றுதல்.
2. காய்ச்சலின்போது, விரலால் அழுத்தினாலும் மறையாத சிவந்த அல்லது ஊதாப் புள்ளிகள்.
3. தடிப்போடு உதடும் முகமும் வீங்கி மூச்சு முட்டுதல்.
4. மணிக்கு மணி பரவும் சிவப்பும் சூடும் வலியும்.
5. மருந்து உண்டபின் வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிதல்.
6. சிரங்குக்குப் பின் முக வீக்கமும் கறுத்த சிறுநீரும்.

மற்றவற்றிற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போதும். அங்கு தீராதவற்றை வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனைக்கோ, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பிவைப்பர்.

மறைக்காதிருப்போம்

பழைய ஏற்பாட்டுக் காலத்தில், மேனியில் திட்டுக் கண்டவர் குருவிடம் சென்று காட்ட வேண்டும் என்பது முறை. குரு அதனைக் கூர்ந்து நோக்கி, ஏழு நாள் பொறுத்து மீண்டும் நோக்கி, பின்னரே முடிவு கூறினார் என்று லேவியர் நூலில் காண்கிறோம். அவசரத் தீர்ப்புக் கூறாமல் மறுபடியும் பார்க்கும் அப்பொறுமை இன்றைய பெற்றோர்க்கும் தேவையே. ஆனால் அந்நாளில் நோயுற்றவர் பாளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். நம் ஆண்டவரோ தம்மிடம் வந்த தொழுநோயாளரைக் கை நீட்டித் தொட்டார். குணமாக்கிய பின்னன்று, குணமாக்கும் முன்னரே தொட்டார்.

அந்தத் தாய்க்கு நாம் சொல்ல விரும்புவதும் அதுவே. அம்மா, பவுடரை எடுத்து வையுங்கள். பிள்ளையை வாசலுக்கு அழைத்து வந்து வெளிச்சத்தில் நிறுத்துங்கள். அந்தத் திட்டைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது வெறும் தேமலாகவே இருக்கும். எண்ணெய் தடவி, கவலையை விடுங்கள். ஐயம் தீரவில்லையா? நாளை காலை சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அது எதுவாக இருந்தாலும் இன்று அதற்கு மருந்துண்டு. மறைத்து வைப்பதற்குத்தான் மருந்தில்லை.